வெள்ளிக்கிழமைக்கு வேறு பெயர்

ஆட்-பாஷி
அக்டோபர் 9

பார்ச்சின்,

டிரைவர் எசெனின் வாடகைக் காரில் நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. அம்மாவின் குளிர்காலக் கோட்டு, வெல்வெட் மேலங்கி, இரண்டு சால்வை. கூடவே அரைப் பக்கச் சீட்டு. "அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன், அங்கே இவ்வளவு துணி வைக்க இடமில்லை." பெற்ற மகளுக்கு இப்படித்தான் சேதி சொல்வார்களா? ஆடு விற்றதைக்கூட நாங்கள் இதைவிட விரிவாகச் சொல்லுவோம்.

பொட்டலத்தின் மேல் "புரூல் அக்கா, பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு" என்று எழுதியிருக்கிறாய். என் குடும்பப் பெயரை எழுதவில்லை. அதில் எங்கள் தாத்தாவின் பெயர் இருக்கிறது, புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் வாயிலும் எடுக்கக் கூடாது, கையிலும் எடுக்கக் கூடாது. தெரியும். அந்த மரியாதையெல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறாய். மாமியாரை அந்நியர் கையில் ஒப்படைத்தபோது அது எங்கே போயிற்று?

தம்பி செத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவன் இருந்திருந்தால் இது நடக்குமா? நேற்று ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவள் கேட்கிறாள், "உங்கம்மாவ அரசாங்க வீட்டுல போட்டுட்டீங்களாமே?" என்று. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் எண்ணை என் போனில் அடைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

புரூல்

பிஷ்கேக்
அக்டோபர் 16

அன்புள்ள புரூல் அக்காவுக்கு,

திட்டுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்வதையும் ஒரு தடவை படியுங்கள்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் அத்தை வீட்டுச் செருப்போடு வெளியே போய்விட்டார். கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்திருக்கிறார். போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டார். அதற்கு முன்னால் இரண்டு முறை அடுப்பில் வாயுவைத் திறந்துவிட்டு தீக்குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். என் மகன் மாஸ்கோவில். நான் தையல் பட்டறைக்குப் போகாவிட்டால் சாப்பாடு இல்லை. அதனால் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவேன். ஆறு மாதம் அப்படித்தான் போனேன், அக்கா. ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் கதவின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல். அவர் விரல்களில் ரத்தம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் "வேண்டாம்" என்பீர்கள், அதற்குப் பிறகும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் கேட்கவில்லை.

இல்லம் மோசமில்லை. நகரத்துக்கு வெளியே, பதினாறு பேர். நைலா என்று ஒரு தாத்தாரிய நர்ஸ் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். என்னிடம் ரஷ்ய மொழியில்தான் பேசுவார். "புத்தி மங்கினவங்க சும்மா அடிக்க மாட்டாங்கம்மா. வாயால சொல்ல முடியாததக் கையால சொல்றாங்க. மாத்திரைய எல்லாத்துக்கும் கடைசியா எடுக்கணும்" என்பார்.

அடிப்பது என்று எழுதிவிட்டேன். அதுதான் இப்போது பிரச்சினை. வீட்டில் ஒருநாளும் யார்மீதும் கை வைக்காத அத்தை அங்கே அடிக்கிறார். தொழுகை நாளில்தான் அங்கே குளிப்பாட்டுவார்கள். கூப்பிட வரும் பெண்ணின் வாயிலேயே ஒன்று வைக்கிறார். மெரிம் என்று ஒரு சின்னப் பெண், உதடு கிழிந்துவிட்டது. நைலா என்னென்னவோ செய்து பார்த்தார். குளியலறையைச் சூடாக்கினார். தோளில் துண்டைப் போட்டுவிட்டே தண்ணீர் ஊற்றச் சொன்னார். சோப்பை அத்தை கையிலேயே கொடுத்தார். காலையை மாலையாக்கினார். ஒன்றும் பலிக்கவில்லை.

இல்லத் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் அடக்கும் மாத்திரைக்குச் சொந்தக்காரர் யாராவது சம்மதம் தர வேண்டும், அல்லது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. அடுத்த கட்டில் இருக்கும் கிழவிக்கு அந்த மாத்திரைதான் கொடுக்கிறார்கள். ஈயை விரட்டக்கூட அவருக்குக் கை எழுவதில்லை.

நீங்கள் வந்து பாருங்கள். அம்மாவுக்குக் குளியல் என்றால் ஏன் இவ்வளவு கோபம் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கலாம்.

பார்ச்சின்

ஆட்-பாஷி
அக்டோபர் 30

பார்ச்சின்,

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, வர மனசில்லை.

அம்மா இளைத்திருக்கிறாள். என்னை முதலில் தெரியவில்லை. பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பால் கறந்தியா?" என்று கேட்டாள். நான் கொண்டுபோன காய்ந்த தயிர் உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சப்பினாள். அடிக்கிறாளாம் அடிக்கிறாள். யாருக்குக் காதுகுத்தப் பார்க்கிறார்கள்? நான் போனதே அவர்களுடைய குளியல் நாளில்தான். அந்தப் பெண்களை எல்லாம் ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே கூப்பிட்டேன். "அம்மா, இன்னைக்கு ஜுமா, வா குளிக்கலாம்." எழுந்து பின்னாலேயே வந்தாள். தலை தேய்த்துவிட்டேன், முதுகு தேய்த்துவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். இதற்கு என்ன சொல்கிறாய்? யாரும் பார்க்காதபோது அந்தப் பெண்கள் அவளைக் கிள்ளுகிறார்களோ என்னவோ. மெரிம் உதட்டைக் காட்டினாள். தையல் போட்டிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. "பாட்டி மேல எனக்குக் கோவமில்ல. ஆனா பயமா இருக்கு" என்றாள்.

தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதேதோ தாள்களைக் காட்டினார். சரி, அதை விடு.

ஒரு ஜுமா கழித்து மறுபடி போகலாம் என்றிருக்கிறேன், கணவாயில் பனி விழாவிட்டால்.

புரூல்

பிஷ்கேக்
நவம்பர் 14

புரூல் அக்கா,

என்ன செய்துவிட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை போனேன். அத்தை நாற்காலியில் இருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது, யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருந்தார். வாயோரம் எச்சில். ஒரு வாய் கஞ்சியை விழுங்க அரை நிமிஷம். கூப்பிட்டேன், கண் என் பக்கம் திரும்பவில்லை. முந்தின நாள் கழிப்பறையில் விழுந்து முழங்கை எல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. நடக்கும்போது கால் தரையிலிருந்து எழவில்லை.

"நான்தான் சம்மதிக்கலையே" என்று தலைவியிடம் சண்டைக்குப் போனேன். அலமாரியைத் திறந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இவங்க பெத்த மக. நீங்க மருமக. யார் கையெழுத்து பெருசு?" என்றார். உங்கள் கையெழுத்து. அக்டோபர் 26. நீங்கள் தலை தேய்த்துவிட்டு, கண்ணை மூடிச் சிரித்தார் என்று எழுதினீர்களே, அதே நாள்.

குளிப்பாட்டிய கையால்தான் போட்டீர்களா?

என்னை ஊரே பேசட்டும், அந்நியர் கையில் தள்ளினவள் என்று நீங்களும் பேசுங்கள். ஆனால் நான் தள்ளியபோது அவர் அவராக இருந்தார். கோபம் வந்தால் கத்துவார், கன்றுக்குட்டியைத் தேடுவார், என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். இப்போது அங்கே இருப்பது யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

நைலா தலைவியோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டார். நடக்கவில்லை. போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தின் நகலை என் பையில் வைத்தார். அத்தை அடித்த ஒவ்வொரு தடவையும், அடிக்காத தடவையும்கூட, அதற்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், அப்படியே வரி மாறாமல் பெண்களை எழுத வைத்திருக்கிறார். "அவங்க சொன்னது கிர்கிஸ்ல இருக்கு, எனக்குப் பாதிதான் புரியும். நீ படி. இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு" என்றார். எனக்குப் படிக்கத் தெம்பில்லை.

பார்ச்சின்

ஆட்-பாஷி
நவம்பர் 20

பார்ச்சின்,

ஆமாம், நான்தான் போட்டேன்.

தலைவி மெரிமின் உதட்டுப் படத்தைக் காட்டினார். "இவ அப்பா போலீஸ்ல சொல்றேன்னு நிக்கிறாரு. உங்கம்மாவ இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கே கூட்டிப் போவேன்? என் வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. மகன் வீடு இருக்கும்போது மகள் வீட்டில் தாய் கிடந்து சாகலாமா? தம்பியின் பெயர் என்ன ஆகும்? உன் வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி பூட்டு. கதவில் நகக் கீறல் என்று நீ எழுதினதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது கண்ணை விட்டுப் போகவில்லை. மாத்திரை சாப்பிட்டால் அமைதியாக இருப்பாள் என்றார்கள். அமைதி என்ற சொல் எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

உன்னிடம் மறைத்தது தப்பு. போன கடிதத்தில் எழுத நினைத்து எழுதாமல் விட்டேன். பயம்தான், வேறென்ன?

திட்டவேண்டியதைத் திட்டிவிட்டாய். இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

புரூல்

பிஷ்கேக்
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டைப் படித்துவிட்டேன். மூன்று தடவை. நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நம் எல்லாருக்கும் புத்தி எங்கே போயிற்று?

சில வரிகளை உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் கோடாக விடுகிறேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

"மெரிம்: 'பாட்டி, இன்னைக்கு ——, குளிக்க வாங்க.' வாயில் அடித்தார்."

"திங்கள், சட்டையில் சூப் கொட்டிவிட்டது. 'வாங்க பாட்டி, கழுவலாம்' என்றேன். வந்தார். குளித்தார். அடிக்கவில்லை."

"செவ்வாய், ஊசி போடும் பெண்: 'உங்க மருமக அடுத்த —— வருவாங்க.' வாயில் அடித்தார். குளியல் பேச்சே இல்லை."

"ஆண்களுக்குச் சவரம் செய்யும் உலான்: 'என்ன பாட்டி, —— வந்தாச்சு, இன்னைக்கு ஜோரா இருக்கீங்களே?' சிரித்தார்."

தெரிகிறதா, அக்கா? குளியல் இல்லை. தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. நம் பேச்சில் அந்த நாளுக்கும் ஏழு நாளுக்கும் ஒரே சொல். உங்கள் குடும்பப் பெயரின் முன்பாதி அந்தச் சொல்தான். அத்தையின் மாமனார் பெயர்.

நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம் அத்தை என்னை அடுப்படியில் நிறுத்தி, "இந்த வீட்டுல அந்த நாளுக்குத் தொழுகை நாள்னு பேரு. ஏழு நாள்னா ஏழு நாள். வேற பேரு வாயில வந்துச்சு, பாத்துக்கோ" என்றார். இருபத்தாறு வருஷம் அந்தச் சொல் என் நாக்குக்குப் பக்கத்தில் வந்ததில்லை. பட்டறையில் பெண்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்துவிட்டுப் போவேன். வீட்டில் யாரும் சொல்லாததால் வீட்டில் அவர் அடிக்கவில்லை. நைலா என்னிடம் ரஷ்ய மொழியில் நாளைச் சொல்லுவார், அதனால் எனக்கும் உறைக்கவில்லை. நான் போவதும் ஞாயிறுகளில் மட்டும்.

நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்? உங்களை ஏன் அடிப்பார்? நீங்கள் அந்த வீட்டில் பிறந்த பெண், உலான் ஆண்பிள்ளை. மெரிமும் மற்றப் பெண்களும் அவர் கண்ணுக்குப் புதிதாக வந்த மருமகள்கள். பெரியவர் பெயரை நடுவீட்டில் கத்துகிறார்கள். மூத்த மருமகள் சும்மா இருப்பாளா? அத்தைக்குப் புத்தி பிசகி அடிக்கவில்லை, அக்கா. அவருக்கு மிச்சமிருந்த புத்தியால்தான் அடித்தார். அதைத்தான் நாம் மாத்திரை போட்டு அணைத்துவிட்டோம்.

நேற்று நைலாவிடம் போய்ச் சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. சுவரில் இருந்த காலண்டரைத் தொட்டுக் காட்டினேன். விரலை உதட்டில் வைத்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், எனக்கு மயக்கம் என்று நினைத்து. ரஷ்ய மொழியில் விளக்கி ஓரளவுக்குப் புரியவைத்தேன். ஆனால் தலைவியிடம் மருமகள் பேச்சு செல்லாது. நீங்கள்தான் பெற்ற மகள். உங்களால் அந்தப் பெயரைச் சொல்லவும் முடியும், எழுதவும் முடியும். தாத்தாவின் முழுப் பெயரையும் எழுதி, சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைத்தான் செய்ய வேண்டும்.

பார்ச்சின்

ஆட்-பாஷி
டிசம்பர் 6

பார்ச்சின்,

கணவாய் நான்கு நாள் மூடிக்கிடந்தது, உன் கடிதம் நேற்றைக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. நேற்றே போய்விட்டு இன்று திரும்பிவிட்டேன்.

தலைவி முன்னால் நின்று, "எங்க தாத்தா பேரு ஜுமாபாய். எங்கம்மா அவரோட மூத்த மருமக. அவங்க காதுபட எந்தப் பொண்ணும் ஜுமான்னு சொல்லக் கூடாது. எழுதிக்குங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரும் கிர்கிஸ் வீட்டு மருமகள்தான், பார்ச்சின். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் அவருக்கு எரிச்சல். "இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா?" என்றார். "எங்கம்மா இந்தக் காலத்துல இல்லையே" என்றேன்.

சம்மதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். மருத்துவரும் இருந்தார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புது வருஷம் கழிந்துதான் முழுக்க நிற்குமாம். பிறகு பழையபடி ஆவாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

எனக்கு ஒன்பது பத்து வயசிருக்கும். சித்தப்பா புதுப் பெண்டாட்டியைக் கூட்டிவந்திருந்தார். அவள் மாவு பிசைந்துகொண்டே, "ஜுமா சந்தைக்குப் போகணும்" என்றாள். அம்மா எழுந்து அவள் வாயில் ஓர் அடி. பிறகு அந்தப் பெண் அழ அழ, அம்மாவே அவள் கண்ணைத் துடைத்துவிட்டு வேறு சொல் சொல்லிக்கொடுத்தாள். நான் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். மெரிமின் தையலைப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை. எனக்கு அது வெறும் கிழமை. அந்தச் சொல்லுக்காக ஒருநாளும் நாக்கைக் கட்டாதவளுக்கு எப்படித் தோன்றும்?

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் எழுது. பேசினால் அழுதுவிடுவேன்.

புரூல்

பிஷ்கேக்
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. நீங்கள் அனுப்பிய தயிர் உருண்டையைக் கரைத்துத்தான் கொடுக்கிறேன், மெல்ல முடியவில்லை.

பெண்கள் எல்லாரும் "குளியல் நாள்" என்றுதான் சொல்கிறார்கள். மெரிம் நன்றாகப் பழகிவிட்டாள். யாரையும் அத்தை அடிக்கவில்லை. தலைவி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "மாத்திரை வேலை செஞ்சிருச்சு" என்கிறார். நைலா, "சொல்ல மாத்துனதுதான் வேலை செஞ்சுது" என்கிறார். எனக்கு வேறு பயம். அந்தச் சொல் காதில் விழாததால் அடிக்கவில்லையா, அல்லது அடிக்க அங்கே ஆளே இல்லையா? ஏனென்றால் அத்தை பேசவில்லை. கையைப் பிடித்தால் பிடிக்கவிடுகிறார், விட்டால் அது அப்படியே மடியில் கிடக்கிறது. கன்றுக்குட்டியைக்கூடத் தேடவில்லை. இரண்டரை மாதமாக ஒரு வார்த்தை இல்லை, அக்கா. கையெழுத்து உங்களுடையது, சேர்த்தது நான். ஆளுக்குப் பாதி என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். அவருக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். செய்யக் கூடாததைச் செய்தேன்.

"அத்தை, ஜுமா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் கண் ஜன்னலிலேயே இருந்தது. மறுபடி சொன்னேன். ஒன்றுமில்லை. எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. கோபமா அழுகையா தெரியவில்லை. அவர் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, "ஜுமாபாய்! ஜுமாபாய்! கேக்குதா அத்தை? உங்க மருமக சொல்றேன், ஜுமாபாய்!" என்று கத்தினேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. இதோ இப்போது எழுதியும்விட்டேன்.

அவர் கண் மெதுவாக என் பக்கம் வந்தது. மடியில் கிடந்த கை எழுந்தது. பாதி வழியில் நின்றது, பிறகு என் உதட்டில் விழுந்தது. அதில் பலமே இல்லை. ஆனால் அடிதான், அக்கா. சந்தேகமே இல்லை.

அந்தக் கையை எடுக்காமல் அப்படியே என் வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தார். "மெதுவாடீ" என்றார். "உள்ளதான் இருக்காரு. கேட்டுடப் போறாரு."

நான் அந்தக் கைக்குள்ளேயே அழுதேன். "சரி அத்தை, இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். விளங்கியிருக்குமோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

சத்தம் கேட்டுத் தலைவி கதவைத் திறந்தார். அத்தையின் கை இன்னும் என் வாய்மேல் இருந்தது.

"மறுபடி அடிக்கிறாங்களா?" என்றார்.

"இல்லைங்க. வாயைத் துடைச்சு விடுறாங்க" என்றேன்.

பார்ச்சின்